வசந்தாவின் தோலுக்கு ஒரு கிரீம்

எங்கள் பழைய மருந்தகத்தில் இப்போது வேலை பார்க்கும் நஸ்ரின், போன மாதம் வீட்டுக்கு வந்து தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதில் ஒரு பெண், பளபளவென்று இருந்த சமையலறையில் நின்றுகொண்டு, கற்றாழைச் சோற்றையும் தேங்காய் எண்ணெயையும் மிக்சியில் போட்டு அடித்தாள். வெண்ணெய்போல ஒன்று திரண்டு வந்தது. ஆறு மாதம் கெடாது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"மேடம், களிம்பு வாங்க வர்றவங்கல்லாம் இதைக் காட்டி, வீட்டுலயே செய்யலாமாம்ல, நீங்க ஏன் சொல்லித் தர மாட்டேங்கிறீங்கன்னு கேக்குறாங்க. நீங்கல்லாம் அந்தக் காலத்துல கையாலயே செஞ்சீங்களாம்ல? எழுதிக் குடுங்களேன். நம்ம மருந்தாளர் சங்க மலர்ல போட்டுடுறோம்" என்றாள்.

வீட்டில் கிரீம் செய்யலாமா என்றால், செய்யலாம். ஒரு குடும்பத்துக்கு அதைச் சொல்லிக் கொடுத்து, அவர்கள் வருடக்கணக்கில் செய்ததைப் பார்த்தவள் நான். ஆனால் ஆறு மாதம் கெடாது என்று சொல்கிறாளே, அங்கேதான் எனக்குப் பயம். தண்ணீர் சேர்ந்த எந்தக் கிரீமும், கெடாமல் இருக்க மருந்து போடாவிட்டால், நம் ஊர்ப் புழுக்கத்தில் சில நாள்தான் தாங்கும். மேலே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உள்ளே பூஞ்சை பிடித்திருக்கும். நல்ல தோலில் தடவினால் ஒருவேளை ஒன்றும் ஆகாது. எல்லோருக்கும் நல்ல தோல் வாய்ப்பதில்லை. அப்படி வாய்க்காத ஒரு குழந்தையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

நான் காரைக்கால் பக்கத்து விழிதியூர்க்காரி. அப்பாவுக்கு நெல் விவசாயம். வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்தான். மதராஸில் பார்மசி டிப்ளமா முடித்துவிட்டு எழுபதுகளின் தொடக்கத்தில் காரைக்காலில் ஒரு சிறிய அரசு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விடுதிச் சாம்பாரும், மனப்பாடம் செய்த லத்தீன் பெயர்களும்தான் நினைவில் இருக்கின்றன. தொழிலை நான் கற்றது முசியே சவரிநாதனின் அறையில்.

அவர் எங்கள் தலைமை மருந்தாளர். பிரெஞ்சுக்காரர்கள் இருந்தபோதே வேலைக்கு வந்தவர். ஊரில் எல்லோரும் அவரை, பிரெஞ்சில் ஐயா என்பதுபோல, முசியே என்றுதான் சொல்வார்கள். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான்வரை போட்டிருப்பார். அவருக்குக் களிம்பு என்றால் 'பொம்மாத்'. பதமாக, மெதுவாக என்பதற்கு 'தூஸ்மா'. இந்த இரண்டு சொல்லையும் அவர் வாயிலிருந்து கேட்காத நாளே கிடையாது. என்னை முதலில் மத்மசேல் என்றார். கல்யாணமான மறுநாளிலிருந்து மதாம் என்றார். ஒருநாளும் நீ என்றதில்லை. ஒருநாளும் பாராட்டியதும் இல்லை.

அந்தக் காலத்தில் டியூபில் அடைத்த களிம்பு எங்களுக்கு அபூர்வமாகத்தான் வரும். பெரும்பாலானதை மருந்தகத்தின் பின்னறையில் நாங்களே செய்வோம். எனக்கு அவர் கொடுத்த முதல் வேலை ஒரு கோல்டு கிரீம். தேன்மெழுகையும் எண்ணெயையும் ஒரு கிண்ணத்தில் போட்டு, அந்தக் கிண்ணத்தைக் கொதிநீர்ப் பாத்திரத்தில் இறக்கி உருக்க வேண்டும். நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது. இன்னொரு கிண்ணத்தில் வெங்காரம் என்கிற போராக்ஸ் உப்பைக் கரைத்த தண்ணீர். இரண்டும் ஒரே சூட்டில் இருக்கும்போது தண்ணீரை எண்ணெயில் சிறுகச் சிறுக விட்டு, ஆறும்வரை கை நிற்காமல் கிண்ட வேண்டும். வெங்காரம்தான் எண்ணெயையும் தண்ணீரையும் பிடித்துவைக்கும் கயிறு.

நான் அவசரப்பட்டு ஊற்றினேன். திரிந்த பால்போல ஒருபக்கம் தண்ணீரும் ஒருபக்கம் மெழுகுக் கட்டியுமாக நின்றது. இதைத்தான் நாங்கள் கிரீம் உடைந்துவிட்டது என்போம். அவர் வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"எதுக்கு அவசரம், மத்மசேல்? எண்ணெயும் தண்ணியும் இப்பத்தான் ஒண்ணை ஒண்ணு பாக்குது. பேசிக்க விடுங்க. தூஸ்மா."

அவ்வளவுதான். உடைந்ததைக் கொட்டிவிட்டு, புதிய மெழுகை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம்வரை அதையே செய்தேன். கடைசியில் வந்ததை எடுத்து ஒரு கண்ணாடித் துண்டில் தடவி, இன்னொரு கண்ணாடியால் அழுத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கரடு இருக்கிறதா என்று தேடினார். பிறகு தன் புறங்கையில் தேய்த்து, மோந்து பார்த்தார். ஜாடியில் அடைத்து, லேபிளைத் தன் கையாலேயே எழுதி ஒட்டினார். நல்ல கிரீமுக்கு அவர் கொடுக்கும் சான்றிதழ் அதுதான்.

அவரைக் கறாரான மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நடவுக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பெண்கள் சேற்றுப்புண்ணோடு வருவார்கள். விரலிடுக்கெல்லாம் வெளுத்து வெடித்திருக்கும். மருந்தகத்தின் பின்பக்கம் ஒரு முக்காலி, ஒரு பேசின், துவைத்த துண்டு மூன்றையும் வைத்து, காலைக் கழுவி ஈரம் போகத் துடைத்தவர்களுக்குத்தான் களிம்பு என்று சட்டம் போட்டிருந்தார். "பெரிய கவர்னர் மாதிரில்ல பண்றாரு" என்று திட்டிக்கொண்டே கழுவுவார்கள். ஆனால் குனிய முடியாத வயதான ஒருத்தி வந்தால், யாரையும் கூப்பிடாமல் இவரே உட்கார்ந்து துடைத்துவிடுவார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அவரிடம் பயம் குறைந்தது.

இனி அந்தக் குழந்தை.

எழுபதுகளின் நடுவில், ஒரு பங்குனி மாதம். பட்டினச்சேரியிலிருந்து ஒரு மீனவக் குடும்பம், அன்று காலையில் வீட்டில் பிறந்த பெண்குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தது. தாய் அஞ்சலைக்கு இருபது வயதுகூட இருக்காது. பிரசவித்த உடம்போடு மாட்டுவண்டியில் வந்திருந்தாள். வாசலின்போல இருக்கும் சுத்தமான பாரபின் களிம்பு உடனே வேண்டும் என்று வார்டிலிருந்து ஆள் வந்தது. நான் எடுத்துக்கொண்டு போனேன்.

குழந்தையின் உடம்பு முழுக்க, எண்ணெய்க் காகிதத்தைச் சுற்றி ஒட்டியதுபோல, இறுகிய பளபளப்பான ஒரு சவ்வு. அந்த இறுக்கத்தில் இமைகள் வெளிப்பக்கமாகப் புரண்டு சிவப்பாகத் தெரிந்தன. உதடுகள் விரிந்து நின்றன, வாயை மூட முடியவில்லை. மூச்சு விடும்போது மார்பில் அந்தச் சவ்வு மெல்லிய கோடுகளாக வெடித்தது. நான் அதுவரை புத்தகத்தில்கூட அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

அந்த வார்டைப் பார்த்துக்கொண்ட டாக்டரம்மா நிதானமானவர். "யாரும் உரிக்காதீங்க. தானா உரியட்டும்" என்று நர்சுகளிடம் சொன்னார். பிறகு முசியேயை வரவழைத்து, "என்ன போடலாம்?" என்று கேட்டார்.

முசியே குழந்தையை வெகுநேரம் பார்த்தார். "இந்தத் தோலுக்குக் கதவே இல்லை, டாக்டர். மேல எது வெச்சாலும் உள்ள போயிடும். உள்ள இருக்கிற தண்ணியும் வெளிய போயிடும். மருந்துன்னு எதுவும் வேணாம். வெறும் பாரபின், காய்ச்சி வடிகட்டி நான் தர்றேன்" என்றார்.

"நானும் அதைத்தான் நெனச்சேன்" என்றார் டாக்டரம்மா.

தொட்டிலைச் சுற்றி ஈரத் துணிகளைக் கட்டினோம். காற்றில் ஈரம் குறையக் கூடாது. பாலைப் பீய்ச்சிப் பாலாடையால் சொட்டுச் சொட்டாக ஊற்றினார்கள். களிம்பு காயக் காயத் தடவ வேண்டும். பகலெல்லாம் அஞ்சலையே தடவினாள். விரல் நுனியால், கோலப்பொடியைத் தூவுவதுபோல அவ்வளவு லேசாக. குழந்தையின் அப்பா கலியபெருமாள் வராந்தாவின் கடைசியில் தூணோரம் நிற்பார். உள்ளே வரமாட்டார். அவருடைய அக்கா ராசாத்தி மட்டும் உள்ளே வந்து பார்த்துவிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "கடலுக்குப் போறவன் வீட்டுல மீன் செதிலோட புள்ள பொறந்தா ஊரு என்ன பேசும்?"

அஞ்சலை நிமிரவே இல்லை.

குழந்தை பிழைக்கும் என்று நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பெயரும் வைக்கவில்லை. ஆனால் சவ்வு துண்டு துண்டாகக் கழன்றது, காய்ச்சல் வரவில்லை, வாய் மூடியது. பால் குடிக்கத் தொடங்கியது. சவ்வுக்கு அடியில் இருந்த தோல்தான் எங்களை ஏமாற்றியது. வறண்டு, செதில் செதிலாக, காய்ந்த வயல்போல. இது கழலாது, வாழ்நாள் முழுக்க இப்படித்தான், ஆனால் யாருக்கும் ஒட்டாது என்று டாக்டரம்மா சொன்னார். ஒரு பெரிய ஜாடி பாரபினோடு வீட்டுக்கு அனுப்பினோம்.

சித்திரையில் திரும்பி வந்தார்கள். குழந்தைக்கு அனலாய்க் காய்ச்சல். உடம்பெல்லாம் களிம்பு, அதன்மேல் ஒரு படலம் மணல். கடற்கரையில் எங்கே படுக்க வைத்தாலும் மணல்தானே. அந்தக் குழந்தைக்கு வியர்க்காது. வியர்வை வெளியேற அந்தத் தோலில் வழி இல்லை. அதன்மேல் கெட்டிக் களிம்பையும் பூசியதில் சூடு உள்ளேயே தங்கிவிட்டது. ஈரத்துணி போர்த்திக் காய்ச்சலை இறக்கினோம்.

"தண்ணி கலந்த கிரீம்தான் வேணும். லேசா இருக்கணும், குளிர்ச்சியா இருக்கணும். நம்மகிட்ட இருக்கிற கோல்டு கிரீம் குடுக்கலாமா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"அதுல வெங்காரம் இருக்கு. பெரியவங்க தோலுக்குச் சரி. இந்தக் குழந்தைக்கு அது ரத்தத்துல போயிடும். முடியாது" என்றார் முசியே.

வெங்காரம் இல்லாமல் எண்ணெயையும் தண்ணீரையும் எது பிடித்துவைக்கும்? பின்னறை அலமாரியில் லானோலின் டப்பா இருந்தது. செம்மறியாட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மஞ்சள் கொழுப்பு. பசைபோல ஒட்டும், ஆட்டுவாடை அடிக்கும், ஆனால் தண்ணீரை நன்றாக வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளும். முசியே அதில் கொஞ்சம் தேன்மெழுகும் தேங்காய் எண்ணெயும் சேர்த்து உருக்கி, காய்ச்சி வெதுவெதுப்பாக்கிய தண்ணீரை விட்டுக் கிண்டினார். முதல் தடவை ஒட்டியது. மெழுகைக் குறைத்தார். இளகி ஓடியது. எண்ணெயைக் குறைத்தார். மூன்றாவது தடவை வெள்ளை வெளேரென்று, தொட்டால் சில்லென்று வந்தது. குழந்தையின் முழங்கை மடிப்பில் துளி வைத்து, மறுநாள் பார்த்து, சிவப்பு இல்லை என்று தெரிந்த பிறகே உடம்புக்குப் போட்டோம். தடவிய இடம் மிருதுவாகி, குழந்தை கையை மடக்கியது. அதுவரை கையை முழுசாக மடக்கியதில்லை.

எல்லாம் சரி, அந்தக் கிரீம் தங்காதே. கெடாமல் இருக்கப் போடும் மருந்துகளையும் இந்தத் தோலில் போட முடியாது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை புதிதாகச் செய்ய வேண்டும். அதற்கு ஒவ்வொரு தடவையும் பட்டினச்சேரியிலிருந்து அந்த வெயிலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தால் மறுபடியும் காய்ச்சல்தான்.

"முசியே, அந்தப் பொண்ணுக்கே சொல்லிக் குடுத்துடலாமே. வீட்டுலயே செஞ்சுக்கட்டும்" என்றேன்.

"மதாம், மருந்து மருந்தறையில செய்யறது. மீன் குழம்பு வெக்கிற அடுப்புல இல்லை."

"இதுல மருந்தே இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க? எண்ணெய், மெழுகு, கொழுப்பு, தண்ணி. அடுப்புல வெக்கிற சாமான்தானே எல்லாம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரிடம் நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல்முறை.

மறுநாள் காலையில் மருந்தக வாசலில் தன் சைக்கிளோடு நின்றார். காரியரில் ஒரு டப்பா கட்டியிருந்தது. "உங்களுக்கு அந்த வீடு தெரியுமா, மதாம்?" என்றார். நான் திருமலைராயன்பட்டினம்வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து பட்டினச்சேரிக்கு நடந்தேன். அவர் எனக்கு முன்பே வந்து, வலை உலர்த்தியிருந்த இடத்தில் ஊர்ப் பிள்ளைகள் சூழ நின்றுகொண்டிருந்தார்.

நாங்கள் போன நேரம் அந்த வீட்டில் ஒரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. ராசாத்தி வந்திருந்தாள். அஞ்சலையைக் குழந்தையோடு தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவது, தம்பிக்கு வேறு இடத்தில் பெண் பார்ப்பது என்று பேச்சு. அஞ்சலை மூலையில் குழந்தையை மடியில் வைத்து ஓலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தாள். கலியபெருமாள் நிலைப்படிக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கய்யா, வாங்கம்மா" என்றார். ராசாத்தி மட்டும் பேச்சை நிறுத்தவில்லை.

"நீங்களே சொல்லுங்கம்மா. இவ வயித்துல வந்த கோளாறுதானே இது? எங்க வம்சத்துல இப்படி உண்டா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "அஞ்சலை உங்க மாமா பொண்ணுதானே? டாக்டரம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? இது ஒருத்தர்கிட்டேர்ந்து வர்றதில்ல. அம்மா ரத்தத்துல பாதி, அப்பா ரத்தத்துல பாதி, ரெண்டும் சேந்தாத்தான் வரும். உங்க தம்பிகிட்டயும் இருக்கு."

ராசாத்தி கெட்டிக்காரி. ஒரு கணம்தான் யோசித்தாள். "அப்ப சொந்தம் விட்டு வெளியில கட்டுனா இவனுக்கு நல்ல புள்ள பொறக்கும். அப்படித்தானே?"

அது உண்மைதான். அப்படிக் கட்டினால் பெரும்பாலும் நல்ல தோலோடுதான் பிறக்கும். அஞ்சலைக்காகப் பேசப்போய், அவளை அனுப்புவதற்கு நானே ஒரு காரணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். பொய் சொல்லவும் எனக்கு வரவில்லை. முசியேயைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விசிறி நின்றுவிட்டது.

அப்போது நிலைப்படியிலிருந்து கலியபெருமாள் கேட்டார்: "அக்கா, வேற புள்ள பொறக்கும். சரி. அப்ப இந்தப் புள்ளைக்கு யாரு தடவுவா?"

"அவ அம்மா தடவுவா. அவங்க ஊட்டுல வெச்சு."

"அவ ஒருத்தியே எத்தினி நாளைக்கு? அவளுக்கு ஒரு காய்ச்ச தலவலி வராதா?"

"நீதான் ஒருநாளு தொட்டதில்லையேடா அத!"

அவர் முகம் மாறியது. இரண்டு கைகளையும் எங்கள் முன்னால் விரித்தார். கயிறு இழுத்து இழுத்து, உப்பில் ஊறிக் காய்ந்து, உள்ளங்கை முழுக்கக் காய்ப்பும் வெடிப்பும். சில வெடிப்புகள் சதைவரை திறந்திருந்தன.

"இந்தக் கைய வெச்சு எப்பிடிக்கா தொடுறது? ஆசுபத்திரிலயே பாத்தேன்ல, துணி பட்டாலே உரிஞ்சிச்சு. நான் தொட்டா அந்தத் தோலு கிழிஞ்சு போயிடும்னுதான் கிட்ட வரல. வேண்டாம்னா வராம இருந்தேன்?"

அஞ்சலை அவரை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வாரமும் அவர் தூணோரம் நின்றதற்கு அவள் வேறு என்னவோ அர்த்தம் செய்து வைத்திருந்தாள் என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. நாங்கள் எல்லோருமே அப்படித்தான் அர்த்தம் செய்திருந்தோம்.

முசியே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "அம்மா, ஒரு சுத்தமான பாத்திரம் குடுங்க. மீன் சமைக்காத பாத்திரமா இருக்கட்டும்" என்றார். அஞ்சலை கல்யாணச் சீராக வந்த ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தைப் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அதையும் கரண்டியையும் கொதிநீரில் போடச் சொன்னார். தானும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, அடுப்புக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். கழுத்துப் பொத்தான் போட்ட அந்த வெள்ளைச் சட்டையோடு விறகடுப்பின் முன்னால் அவர் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும்.

சோற்றுப்பானை அளவுப் பாத்திரத்தில் தண்ணீர் கொதித்தது. அதில் கிண்ணத்தை மிதக்கவிட்டு, கொட்டைப்பாக்கு அளவு மெழுகு, அதைவிடப் பெரிதாக இரண்டு உருண்டை லானோலின், ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய். எல்லாம் உருகித் தெளிந்ததும் இறக்கி, காய்ச்சிய தண்ணீரை விரலால் தொட்டுச் சூடு பார்த்து, அஞ்சலையையே விடச் சொன்னார். "எண்ணெயைத் தொட்டாலும் தண்ணியைத் தொட்டாலும் விரலுக்கு ஒரே மாதிரி இருக்கணும். அப்பத்தான் விடணும். தூஸ்மா." அவளுக்கு அந்தச் சொல் தெரியாது. ஆனால் அவர் சொன்ன விதத்திலேயே புரிந்துகொண்டு மெதுவாக விட்டாள். கலியபெருமாளைக் கூப்பிட்டுக் கிண்டச் சொன்னார். கடலில் துடுப்புப் போட்ட கை, சளைக்காமல் கிண்டியது. வெள்ளையாகத் திரண்டு வந்தபோது ராசாத்திகூட எட்டிப் பார்த்தாள்.

ஆறியதும், குழந்தைக்குத்தான் எடுப்பார் என்று நினைத்தேன். முசியே இரண்டு விரல் நிறைய எடுத்து, கலியபெருமாளின் உள்ளங்கையில் வைத்தார்.

"முதல்ல உங்க கைக்கு. தினமும் தேய்ச்சு ஊறவிடுங்க. இந்த வெடிப்பெல்லாம் மூடின பொறகு குழந்தையைத் தொடுங்க. அதுவரைக்கும் அம்மா தொடட்டும்."

அடுத்த முறை அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது குழந்தையைக் கலியபெருமாள் தூக்கிக்கொண்டு வந்தார். பெண் பார்க்கும் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை என்று அஞ்சலை சொன்னாள். குழந்தைக்கு வசந்தா என்று பெயரும் வைத்திருந்தார்கள்.

லானோலினை மட்டும் நாங்கள் கொடுத்தோம். டாக்டரம்மா குழந்தையின் பெயரில் நிரந்தரமாக எழுதிவிட்டார். முசியே தன் கையாலேயே நிறுத்துக் கட்டிக் கொடுப்பார். செய்த கிரீமைக் கிண்ணத்தோடு மண்பானைத் தண்ணீருக்குள் இறக்கி வைப்பதும், தொட்டு எடுக்கக் கைவிரலை விடாமல் கரண்டி போடுவதும், வாடை மாறினால் கொட்டிவிடுவதும் அந்த வீட்டில் வழக்கமாகிவிட்டது. கடலுக்குப் போகுமுன் கலியபெருமாள் கிரீம் கிண்டுகிறார் என்று ஊரில் கேலி பேசியிருக்கிறார்கள். கேலி பேசியவர்களில் இரண்டு பேர் கைவெடிப்புக்கு அதையே கேட்டு வாங்கிப் போனதாகவும் கேள்வி. சில வருடம் கழித்து ஒரு பையன் பிறந்தான். நல்ல தோலோடு.

முசியே ஓய்வு பெற்றுப் புதுச்சேரியில் மகளோடு இருக்கப் போய்விட்டார். கடைசி நாளன்று பின்னறைச் சாவியை என்னிடம் கொடுத்து, "அந்த வீட்டு அடுப்பு சுத்தமான அடுப்புதான், மதாம்" என்றார். அன்றைக்கு நான் பேசியதை ஒப்புக்கொண்டதாக அதை எடுத்துக்கொண்டேன்.

வசந்தாவைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது இன்னொரு தொல்லை. வேறு பிள்ளைகளின் தாய்மார்கள் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தார்கள். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டை யாரும் நம்பவில்லை. வாத்தியார் அவளைத் தனியாக ஒரு பலகையில் உட்கார வைத்திருந்தார். நான் போய்ப் பேசினேன். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கும் பயம். வெயில் ஏறினால் அவளுக்கு வியர்க்காது, தலையிலும் கழுத்திலும் தண்ணீர் விட வேண்டும் என்று சொல்லிவிட்டு, அதை அப்போதே செய்தும் காட்டினேன். அடுத்த மாதம் அஞ்சலை வந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னாள். "தண்ணி ஊத்துறது நானு நீன்னு புள்ளைங்க சண்ட போடுதுங்களாம்மா. வாத்தியாரு மொற வெச்சுட்டாராம்." டாக்டரம்மாவின் சீட்டால் நடக்காதது அந்தத் தண்ணீர்ச் செம்பால் நடந்துவிட்டது. முழுசாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். அவளை மீன்தோல் என்று கூப்பிட்டவர்கள் கடைசிவரை இருந்தார்கள். அழுதுகொண்டு வீட்டுக்கு வந்த நாளும் உண்டு.

எண்பதுகளின் இறுதியில் ஒருநாள். டியூபில் அடைத்த களிம்புகள் தாராளமாக வரத் தொடங்கியிருந்தன. பின்னறையில் வேலை குறைந்துவிட்டது. வார்டில் அன்று ஒரு குழந்தை பிறந்திருந்தது. உள்கிராமத்து விவசாயக் குடும்பம். அதே எண்ணெய்க் காகிதச் சவ்வு, அதே புரண்ட இமைகள். அத்தனை வருட வேலையில் அப்படி நான் பார்த்தது அந்த இரண்டு குழந்தைகளைத்தான். தாய் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பால் பீய்ச்சக்கூட மறுத்தாள். நானும் நர்சும் மாற்றி மாற்றிச் சொன்னோம். அப்போதிருந்த டாக்டரும் சொன்னார். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. நாங்கள் எல்லோரும் நல்ல தோல் உள்ளவர்கள். எங்கள் பேச்சு அவளுக்கு எதற்கு?

அன்று வசந்தா லானோலின் வாங்க வந்தாள். தாவணி போட்ட பெண்ணாகிவிட்டிருந்தாள். அதற்குள் தன் கிரீமைத் தானே செய்துகொள்ளப் பழகியிருந்தாள். நான் எடுத்துக் கொடுக்கத் தாமதமானதைப் பார்த்து, "ஏம்மா ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. அவள் கையிலிருந்த டப்பாவை மேசைமேல் வைத்தாள்.

"நான் போயிப் பாக்கட்டுமாம்மா?"

"உனக்குக் கஷ்டமா இருக்காதா?"

"இருக்கும். பரவால்ல."

உள்ளே அழைத்துப் போனேன். அவள் முதலில் தொட்டிலுக்குப் போனாள். ஈரத்துணியை விலக்கி அந்தக் குழந்தையைப் பார்த்தாள். தான் எப்படிப் பிறந்தோம் என்பதை அவள் அன்றுதான் கண்ணால் பார்க்கிறாள். அவள் தோள் ஒருமுறை குலுங்கியது. நான் கிட்டே போகவில்லை. பிறகு கட்டிலைச் சுற்றி, சுவர்ப்பக்கமாகப் போய், அந்தத் தாயின் முகத்துக்கு நேரே தரையில் உட்கார்ந்தாள். தாவணியை ஒதுக்கித் தன் கையை நீட்டினாள். செதில் செதிலான, ஆனால் காலையில் தடவிய கிரீமில் மிருதுவாக இருந்த கை.

"அக்கா, இங்க பாருங்க. நானும் இப்பிடித்தான் பொறந்தேன்."

அந்தப் பெண் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் கையைப் பார்த்தாள். வறண்ட குரலில், அன்று முழுவதும் பேசாதவள் பேசினாள்.

"ஒன் பேரு என்னம்மா?"

"வசந்தா."

அவள் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். பாலாடையை எடுத்துவர நர்ஸ் ஓடினாள்.